பட்டாணிக்குப் போடாத ஊசி

என் தங்கையைக் கட்டிக்கொண்டு போய் எனக்கும் சேர்த்து வில்லங்கம் வாங்கிக் கொடுத்த அன்பு மாப்பிள்ளை தேசிங்குக்கு,

முடியாது. நீ தலைகீழாக நின்று கேட்டாலும் இனி முடியாது. “பத்மா கிட்ட மட்டும் சொல்லாத மச்சான்” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாய். நானும் தலையை ஆட்டினேன். நாலு வருஷமாக ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், கழுத்து சுளுக்கிக்கொண்டது. இன்றைக்குச் சொல்லத்தான் போகிறேன். முறைக்காதே. போய்ச் சேர்ந்தவனுக்கு என்ன முறைப்பு வேண்டிக் கிடக்கு?

ஏன் இன்றைக்கு என்று கேட்பாய். நேற்று உன் பெண்டாட்டி ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒக்கலிபுரத்தில் என் வீட்டுக்கு வேகு வேகு என்று நடந்தே வந்தாள். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

“அண்ணா, நான் பொம்மனஹள்ளிக்குப் பொண்ணு வூட்டோட போறேன். அந்த நாயை இனிமே என்னால வச்சிக்கினு இருக்க முடியாது. உன் வண்டிக்காரங்களுக்குச் சொல்லி வுடு. நாளைக்கு நானே இட்டாந்து இங்க கட்டிட்டுப் போறேன்.”

“எந்த வண்டி?” என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

“இன்னா, ஐஸ் வண்டியா? நாய் வண்டிண்ணா! இருவது வருசம் பின்னாடி தொங்கிக்கினு போனியே, அது.”

அந்த வண்டியில் ஏறின நாய் வீடு திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். “அது என் புருசனைத் தின்ன நாய்” என்றாள். “உன் மாப்ள மொகத்துக்காக நாலு வருசம் சோறு வச்சேன். வைக்கிற ஒவ்வொரு வாட்டியும் எனக்கு வயிறு எரியுது.”

அவள் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. படகில் போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனபோது நீ அந்தத் தீவில் இறங்காமல் திரும்பியது அந்த நாய் பட்டாணிக்காகத்தான். அவளுக்கு நீ சொன்னது அவ்வளவுதான். ஆனால் அந்தத் தீவுக்காரன் பட்டாணியை ஏன் விடவில்லை என்பதை நீ அவளிடம் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாவிட்டால் பட்டாணி வண்டி ஏறும். சொன்னால் எனக்குத் தங்கை இருக்க மாட்டாள்.

உன் நினைவு நாளுக்கு வருஷா வருஷம் நம்ம தெருச் சங்கத்து மலரில் உன் போட்டோவைப் போட்டு, கீழே “ஆறாத் துயரத்துடன்” என்று அச்சடித்து வைக்கிறோம். யாருக்கு ஆறவில்லை? எல்லோரும் அன்றைக்கு வடை தின்றுவிட்டுத்தான் போனார்கள். இந்த வருஷம் அந்த இரண்டு வரிக்குப் பதில் இந்தக் காகிதத்தைக் கொடுக்கப் போகிறேன். நான் மூணாங்கிளாஸ். பிழை இருந்தால் சங்கத்து வாத்தியார் திருத்திக்கொள்ளட்டும், விஷயத்தைத் திருத்தக் கூடாது.

நம்மைத் தெரியாதவர்களுக்காக நீ யார் என்றும் சொல்லிவிடுகிறேன். நீ பெங்களூர் ஸ்ரீராம்புரத்துச் சமையல்காரன். கடற்படையில் இருந்து ரிட்டையரான கமாண்டர் ஒருத்தர் வீட்டில் உனக்கு வேலை. அந்த மனுஷனுக்குக் கொச்சியில் ஒரு பாய்மரப் படகு. மழைக்காலம் போனதும் பாயை விரித்துக்கொண்டு கண்காணாத தீவுக்கெல்லாம் கிளம்பிவிடுவார். சமைக்க நீ. ஸ்ரீராம்புரத்தில் தண்ணி லாரி வந்தால் குடத்தோடு சண்டை போட்ட பயல், சுற்றிலும் தண்ணீராக இருக்கிற இடத்தில் போய் ரசம் வைத்தாய்.

சும்மா போனாயா? தெருவில் கிடந்த பட்டாணியையும் தூக்கிக்கொண்டு போனாய். “இது இல்லாம எனக்குச் சோறு எறங்காது சார்” என்றாயாம். “எனக்கு உன் சோறு இல்லாம எறங்காது, கொண்டா” என்றாராம் கமாண்டர்.

முதல் பயணத்தில் இரண்டு நாள் பட்டாணி ஒன்றுக்கே போகவில்லை என்று சொல்லிச் சிரித்தாயே, நினைவிருக்கிறதா? படகு முழுக்க முகர்ந்து பார்த்தானாம். எந்த மூலையிலும் எந்த நாயின் கையெழுத்தும் இல்லை. எங்கே காலைத் தூக்குவது? பாவம், வயிறு பானை மாதிரி ஆகிவிட்டதாம். அடுத்த பயணத்துக்கு முன்னால் நீ ஒரு வேலை செய்தாய். ஒரு தேங்காய் நார் மிதியடியை வாங்கி, நம்ம தெரு முனை லைட்டுக் கம்பத்தைச் சுற்றி ஒரு வாரம் கட்டி வைத்தாய். ஸ்ரீராம்புரத்து நாய் எல்லாம் வந்து ஆசீர்வாதம் பண்ணின மிதியடி. அதைச் சுருட்டிப் படகில் கொண்டுபோய் முன்பக்கம் போட்டாய். நடுக்கடலில் பட்டாணி நம்ம தெருவைக் கண்டுபிடித்துவிட்டான்.

எந்தத் தீவுக்குப் போனாலும் அந்த மிதியடியைத்தான் முதலில் பிடித்தார்கள். ரப்பர் கையுறை, மூக்கில் துணி, இடுக்கியில் பிடித்துத் தூக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுச் சீல். த்தூ! அதே துறைமுகத்துப் படிக்கட்டில் எலி ஒவ்வொன்றும் பூனை மாதிரி ஓடியதாம். அதுகளிடம் எவன் பேப்பர் கேட்டான்? பட்டாணி படகை விட்டு ஒரு கால் கீழே வைக்கக் கூடாது, எந்நேரமும் கட்டியே இருக்க வேண்டும், வெறிநோய் ஊசி போட்ட பேப்பரில் சீல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் “எஸ் சார், எஸ் சார்” என்றாயாம். பத்மாவிடம் ஒரு நாளாவது “எஸ்” சொல்லியிருக்கிறாயா நீ?

முதல் இரண்டு பயணத்துக்கும் ஊசி போட நீயே கூட்டிப் போனாய். மூணாவதுக்குத்தான் உனக்கு நேரமில்லை. படகுக்கு அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் ஏற்ற முன்னாடியே கொச்சிக்குக் கிளம்பினாய். “மச்சான், நாய் டாக்டருங்க எல்லாம் உனக்குப் பழக்கம்தானே, ஊசி போட்டு பேப்பர் வாங்கி வை. கமாண்டர் கார்ல பட்டாணியோட அனுப்பிடு” என்றாய்.

பழக்கம்தான். ஒரு காண்ட்ராக்டரிடம் நாய் வண்டியில் வேலை பார்த்தவனுக்கு வேறு யார் பழக்கமாக இருப்பார்கள்?

அன்றைக்குப் பட்டாணியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். என் சட்டையை எத்தனை துவை துவைத்தாலும் அவன் மூக்குக்கு வண்டி வாசனை அடிக்கும். உன் வீட்டுக்கு நான் வந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவானே, அந்தக் கழுதை. மிருக ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்ததும் நான் அவனை எங்கே கூட்டிப் போகிறேன் என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். கழுத்தை உருவிக்கொண்டு ஓட்டம். நானும் ஓடினேன். இந்தக் கிழட்டுக் காலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம்? அவன் நேராக ஸ்ரீராம்புரத்துக்குப் போய் உன் வாசலில் படுத்துக்கொண்டான்.

என் கையில் வெறும் கயிறு. மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி சாத்திவிடுவான். கேட்டுக்கு எதிரே டீக்கடை. அங்கே ஒரு பழுப்பு நாய் படுத்திருந்தது.

மாப்ள, எங்கள் வண்டியில் இத்தனை உருப்படி என்று சாயங்காலம் காட்ட வேண்டும். எந்தத் தெருவில் புகார் வந்தது, எந்த நாய் கடித்தது, அதெல்லாம் யாருக்கு வேண்டும்? கறுப்பு சொன்னால் ஒரு கறுப்பு, பழுப்பு சொன்னால் ஒரு பழுப்பு. கடித்த நாய் ஓடிவிட்டால் படுத்திருக்கிற நாயைப் பிடிப்போம். இருபது வருஷம் அப்படித்தான். என் கண்ணுக்கு எந்த நாய்க்கும் முகமே கிடையாது. அன்றைக்கும் அதே புத்திதான் வேலை செய்தது. பட்டாணியும் பழுப்பு, இதுவும் பழுப்பு. ஒரு பன் வாங்கிப் பிய்த்துப் போட்டேன், வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே உள்ளே வந்தது.

கம்பவுண்டர் ஊசி போட்டான். சுற்றி வந்து பார்த்துப் பார்த்து என்னமோ இங்கிலீஷில் எழுதினான். டாக்டர் கையெழுத்து, ஊதா மையில் வட்டமாகச் சீல். சீல் நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். எழுதினதைப் படிக்க எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

பேப்பரோடு உன் வீட்டுக்கு வந்தேன். பத்மா, “வலிச்சிருக்குமே பாவம், அழுதானா?” என்றாள். “ஒரு சத்தம் போடலை, சிங்கம்” என்றேன். அவள் உட்கார்ந்து பட்டாணியின் தலையைத் தடவி விட்டாள். நான் அவள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போது கூட அந்தக் காபி தொண்டைக்கு வருகிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இதை உன்னிடமும் சொன்னதில்லை. நீ கடலில் இருந்தபோது எங்கள் வண்டி அந்த டீக்கடைப் பக்கம் போனது. அந்தப் பழுப்பு நாய் என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தது. பன் ஞாபகம். மற்ற நாயெல்லாம் என்னைக் கண்டால் தெறித்து ஓடும், இது வாலை ஆட்டிக்கொண்டு கண்ணிக்குள் தானாகத் தலையை விட்டது. முன்னங்கால் ஒன்று வெள்ளை. அப்போது பார்த்தேன். பார்த்தும் ஏற்றினேன். வெற்றிலை எச்சிலைத் துப்பினாற்போல என் மூஞ்சியிலேயே நான் துப்பிக்கொள்ள வேண்டும்.

தீவில் நடந்ததை முழுசாக உன் எழவுக்கு வந்த கமாண்டர்தான் எனக்குச் சொன்னார். அந்தத் தீவின் பேரை எழுத மாட்டேன். நினைத்தாலே வாயில் எச்சில் ஊறுகிறது, விழுங்குகிற எச்சில் இல்லை.

கரை தெரிவதற்கு முந்தின நாளே உனக்கு வயிற்றில் வலது பக்கம் வலி. நிமிர முடியவில்லை. குடல்வாலாக இருக்கும் என்று கமாண்டர் ரேடியோவில் சொல்லி வைத்துவிட்டார். துறைமுகத்தில் ஆஸ்பத்திரி வண்டி தயாராக நின்றது. அதற்கு முன்னால் கையுறைக்காரன் வந்தான். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தானாம். பெண் நாய். பழுப்பு. முன்னங்கால் ஒன்று வெள்ளை. வலது காதில் வெட்டு.

பிறகு ஒரு குச்சியால் பட்டாணியின் வாலைத் தூக்கிப் பார்த்தானாம். “கன்னியப்பன், அந்த எடத்துல டவுட்டுக்கு எடமே இல்ல” என்றார் கமாண்டர். எழவு வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன். அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி நேரம் அழுதேன்தான்.

கள்ளப் பேப்பர். ஊசி போடாத நாய். கையுறைக்காரன் இரண்டே வார்த்தை சொன்னான். ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஆனால் படகு இங்கே நிற்பதென்றால் நாய்க்கு விஷ ஊசி. நாய் வேண்டுமென்றால் பொழுது சாய்வதற்குள் படகு எல்லையைத் தாண்ட வேண்டும்.

நாலு வருஷமாக அவனை நானும் வாய் கூசாமல் திட்டினேன். பத்மாவோடு சேர்ந்து திட்டினேன். ஆனால் எனக்கு அந்த வாய் கிடையாது மாப்ள. அந்தத் தீவில் வெறிநோயே கிடையாதாம். வெறிநோய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் வண்டியில் என்னோடு தொங்கின ஆள் ஒருத்தன் கடிபட்டு, தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துக் கத்திக் கத்திச் செத்தான். அது தங்கள் ஊருக்கு வரக் கூடாது என்று ஒருத்தன் கேட்டில் நின்றால், அவன் மூஞ்சி எவ்வளவு கேவலமாக இருந்தாலும், அவன் செய்தது வேலை. நான் செய்தது என்ன?

உன்னைத் தனியாக அங்கே விட்டுவிட்டுப் படகை எடுக்கக் கமாண்டருக்கு மனசில்லை, உன்னிடம் கெஞ்சினாராம். “தேசிங்கு, நாய் வேற வாங்கலாம்ப்பா.” நீ உடனே நிமிர்ந்து நின்றாயாம். “வலி போச்சு சார். வாயுதான். சும்னே பயந்துட்டேன்” என்று சொல்லி, சுக்குத் தண்ணீர் வைத்துக் குடித்து, அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாயாம். நடிகனடா நீ! அந்த மனுஷன் நம்பிவிட்டார். கொச்சிக்கு எட்டு நாள்.

மூணாம் நாள் உனக்கு நிஜமாகவே வலி குறைந்ததாமே. இருவருமாகச் சந்தோஷப்பட்டு முட்டை பொரித்துத் தின்றீர்களாமே. குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரம் அப்படித்தான் சுகமாக இருக்கும் என்று பெங்களூரில் டாக்டர் பிறகு சொன்னார். கொச்சியில் வயிற்றைத் திறந்தபோது உள்ளே எல்லாம் சீழ். அங்கே கொஞ்ச நாள், இங்கே கொஞ்ச நாள். அத்தோடு சரி.

இங்கே கட்டிலில் கிடந்தபோது, பத்மா இட்லி வாங்கப் போன நேரம் பார்த்து என்னைக் கிட்டே கூப்பிட்டாய். தீவுக்காரன் பட்டாணியை விடவில்லை என்று பத்மா சொன்னபோதே அந்தப் பேப்பர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தைப் பிடிப்பாய் என்று நினைத்தேன்.

“மச்சான், பட்டாணி எப்போ வயசுக்கு வந்தா?” என்றாய்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“பொட்டைன்னு எழுதி இருந்துச்சே. சடங்கு சுத்துனியா? தாய்மாமன் சீரு இன்னா செஞ்ச?”

சிரித்தாய். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் உன் காலைப் பிடித்தேன். “வுடு மச்சான், கூசுது” என்றாய். பிறகுதான், “பத்மா கிட்ட மட்டும் சொல்லாத. நான் போயிட்டா அவளுக்கு நீதான். உன்னையும் தொலைச்சிட்டு நிப்பா” என்றாய்.

ஊரில் எல்லோரையும் நான்தான் கேலி பண்ணுவேன். என்னை ஒருத்தன் கேலி பண்ணி ஜெயித்தது அன்றைக்குத்தான். அதையும் சாகிற நேரத்தில் செய்துவிட்டுப் போனாய். பதில் சொல்ல எனக்கு நேரம் கொடுத்தாயா?

இது வரைக்கும் காலையில் எழுதினேன்.

மத்தியானம் பத்மா பட்டாணியை இழுத்துக்கொண்டு வந்தாள். வாயைச் சுற்றி நரைத்துவிட்டது அவனுக்கு, என்னைப் பார்த்ததும் அவள் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். கேட்டில் கட்டினாள்.

“சொல்லிட்டியா வண்டிக்கு?”

“உக்காரு. ஒரு காயிதம் படிக்கிறேன், கேளு.”

“மலருக்கா? அந்த ரெண்டு வரிக்கு உக்காரணுமா?”

“கொஞ்சம் நீளம் இந்த வாட்டி.”

அவள் கன்னட ஸ்கூலில் படித்தவள், தமிழ் எழுத்து ஓடாது. படியில் உட்கார்ந்து கேட்டாள். மிதியடிக்குச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரிப்பைப் பார்த்தேன், நிறுத்திவிடலாமா என்று கூட இருந்தது. படித்தேன். டீக்கடை வந்தது. பன் வந்தது. சீல் வந்தது. அவள் சிரிப்பு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது, நான் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தீவு முடிந்து, முட்டை பொரித்துத் தின்ற இடத்தில் அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

“ஒரு சத்தம் போடலைன்னு சொன்னியேண்ணா அன்னிக்கு.”

“ஆமா.”

“நான் தலையைத் தடவி வுட்டேனே.”

“ஆமா பத்மா.”

“நாலு வருசம் இதை எட்டி எட்டி ஒதைச்சிருக்கேன். கல்லுல அடிச்சிருக்கேன். நீ பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கினு இருந்த.”

அவள் எழுந்து கேட்டுக்குப் போனாள். முடிச்சு இறுகிவிட்டது போல, பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

“பத்மா, இரும்மா, இன்னும் இருக்குது. ஆஸ்பத்திரியில மாப்ள இன்னா சொன்னாருன்னா...”

“நீ படிச்ச வரைக்கும் போதும்.”

“சிரிச்சாரு பத்மா! அவரு சிரிச்சாரு, என்னைப் பாத்து...”

“என் வூட்டுப் பக்கம் வராத.”

பட்டாணியின் கழுத்தில் கயிறு இல்லை. அவள் கையில்தான் சுருட்டிக்கொண்டு போனாள். அவன் அவள் காலோடு ஒட்டிக்கொண்டு நடந்தான். ரயில்வே கேட் பக்கம் திரும்புகிற வரைக்கும் கையில் காகிதத்தோடு நின்றேன். நாயோடு பொம்மனஹள்ளிக்கு எந்த பஸ்ஸில் ஏற்றுவான் அவளை?

நீ சொன்னதுதான் நடந்தது. அவள் அண்ணனையும் தொலைத்தாள். ஆனால் மாப்ள, நீ சிரித்த அந்த இடத்தை அவள் கேட்காமலே போய்விட்டாள். அதைக் கேட்டால் என்னை மன்னிப்பாளோ, இல்லை உன்னையும் சேர்த்து நாலு திட்டு திட்டுவாளோ. இரண்டில் எது நடந்தாலும் சரி. பொம்மனஹள்ளிக்குப் போய், அவள் கதவைத் திறக்காவிட்டால் ஜன்னலுக்கு வெளியே நின்று, ஜன்னலையும் சாத்தினால் சாத்தின ஜன்னலுக்கே மீதியைப் படிப்பேன். இது சத்தியம். நீ இந்த வாட்டி கையைப் பிடித்துத் தடுக்காதே.

உன் பட்டாணிக்குத் தாய்மாமன் சீர் பாக்கி வைத்திருக்கிற,
உன் மச்சான்,
ஒக்கலிபுரம் கன்னியப்பன்